பிளக் புதுசு, கம்பெனி நல்லது, கேப் மட்டும் தப்பு

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் விடும் கருவி) வைத்த பழைய பெட்ரோல் கார்கள் கடலூர், புதுச்சேரி ரோட்டில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த வண்டி வைத்திருப்பவர்களுக்காக முதலில் இதை எழுதுகிறேன், கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்காரர்களுக்கும் பாதிக்கு மேல் உதவும். சொல்ல வருவது இவ்வளவுதான்: பெட்டியிலிருந்து எடுத்த புது ஸ்பார்க் பிளக்காகவே இருந்தாலும் கேப் அளக்காமல் எஞ்சினில் மாட்டாதீர்கள். பிளக் முனையில் நடுக்கம்பிக்கும் அதன்மேல் வளைந்து நிற்கும் மேல்கம்பிக்கும் நடுவே பொறி தாண்டும் இடைவெளிதான் கேப். பழைய பிளக்காக இருந்தால், வளைத்துச் சரி செய்வதற்கு முன் அதன் முனையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

எங்களுடையது அப்பா வாங்கிய மாருதி 800. 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், ஒவ்வொரு பிளக்குக்கும் கரன்ட்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டர். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், எனக்கு வேலை புதுச்சேரியில். தினமும் போக வர பஸ்ஸே போதும், அம்மாவை ஜிப்மருக்கு அழைத்துப் போகும் நாட்களிலும், சாமான் ஏற்ற வேண்டிய நாட்களிலும் கார்தான். ஒரு சர்வீஸில் மூன்று பிளக்கையும் புதிதாக மாற்றினார்கள். அதற்கு அப்புறம் வண்டியில் ஒரு விசித்திரமான கோளாறு வந்தது. முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் மூடி நிற்கும்போது ஐடிலில் அருமையாக ஓடும், ஒரு நடுக்கம் இருக்காது. அதே வண்டி திரும்பி வரும்போது கன்னியகோயில் தாண்டிய திறந்த ரோட்டில் நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தினால் உதறும். பெண்ணையாற்றுப் பாலம் ஏறும்போது இன்னும் மோசம், வண்டியில் நாலு பேர் இருந்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்துப் பிடித்து விடுவது போல ஜெர்க் அடிக்கும். காலைப் பாதி எடுத்துவிட்டால் உடனே சரியாகிவிடும்.

சர்வீஸ் செய்த இடத்தில் கேட்டபோது கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யணும் என்றார்கள், செய்தார்கள், மாற்றமில்லை. அடுத்து, பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் காயிலை மாற்றச் சொன்னார்கள். அதற்கும் அடுத்து, எங்கே பெட்ரோல் போடுகிறீர்கள் என்ற கேள்வி வந்தது. கடலூர்க்காரர்கள் பலரும் செய்வதைத்தான் நாங்களும் செய்கிறோம், எல்லை தாண்டி முள்ளோடைப் பக்கம் போகும்போது டேங்க்கை நிரப்பிக்கொள்வோம், புதுச்சேரியில் வரி குறைவு, விலை குறைவு. அந்த பெட்ரோல்தான் காரணம் என்றால், வருஷக்கணக்காக அதே பெட்ரோலில் ஓடிய வண்டி பிளக் மாற்றிய வாரத்தில் ஏன் உதற வேண்டும் என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

திருப்பாப்புலியூரில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார், அப்பா காலத்திலிருந்து பழக்கம். அவரிடம் கொண்டுபோனேன். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை.

"நிக்கும்போது நல்லா ஓடுது, இழுக்கும்போது மட்டும் உதறுதுன்னா முதல்ல கரன்ட் பக்கம் பாக்கணும்மா, கார்புரேட்டர் அப்புறம். என்ன பிளக் போட்டாங்க?"

"புதுசுதாண்ணா, நல்ல கம்பெனி."

"கம்பெனியக் கேக்கலம்மா, நம்பரக் கேக்குறேன்."

கழற்றிப் பார்த்தால் பீங்கான் மேலேயே அச்சடித்திருந்தது: பி.பி.ஆர்.5.இ.எஸ்-11. எங்கள் வண்டிக்கு வர வேண்டியது அதே எழுத்துகள்தான், கடைசியில் அந்த 11 மட்டும் இல்லாதது. என்.ஜி.கே. கம்பெனியின் குறியீட்டில் அந்த 11 என்றால் கேப் 1.1 மி.மீ. வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் கார்புரேட்டர் வண்டியின் மேனுவலில் இருப்பது 0.7 முதல் 0.8 மி.மீ. மரை அளவு ஒன்று, நீளம் ஒன்று, ஹீட் ரேஞ்ச் (பிளக் எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்பதற்கான எண்) ஒன்று, ஸ்பேனர் ஒன்று, கனகச்சிதமாக உள்ளே போய் உட்காரும். யாருக்கும் சந்தேகம் வராது. பிளக்கில் ஒரு குறையும் இல்லை, அது வேறு எஞ்சினுக்கு உரியது.

வெறும் 0.3 மில்லிமீட்டர் வித்தியாசம் ஏன் இப்படிப் படுத்துகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது புரிந்துவிட்டால் மிஸ்ஸிங் (பொறி தவறி எஞ்சின் உதறுவது) பிரச்சினையில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். பொறி பாய்வது வெறும் காற்றில் இல்லை, பிஸ்டன் மேலே வந்து கலவையை நன்றாக அழுத்திய இடத்தில். அழுத்தம் கூடினாலும் இடைவெளி கூடினாலும், அதைத் தாண்டுவதற்குத் தேவைப்படும் வோல்டேஜ் கூடும். பாஷன் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1889-லேயே வாயுக்களில் அளந்து காட்டிய விதி இது. ஐடிலில் த்ராட்டில், அதாவது கலவை உள்ளே போகும் வழியின் மூடி, ஏறக்குறைய மூடியே இருக்கும், சிலிண்டருக்குள் போகும் கலவை கொஞ்சம், அதனால் அழுத்தமும் குறைவு, 1.1 மி.மீ. கேப்பைக்கூட எங்கள் பழைய காயில் தாண்டிவிடும். பாலம் ஏற ஆக்சிலரேட்டரை அழுத்தினால் த்ராட்டில் அகலத் திறக்கிறது, சிலிண்டர் நிறையக் கலவை போகிறது, அழுத்தம் எகிறுகிறது, தேவைப்படும் வோல்டேஜும் எகிறுகிறது. காயிலால் அதைக் கொடுக்க முடியாத நொடியில் பொறி வராது, அந்தச் சிலிண்டர் ஒரு சுற்று சும்மா சுற்றிவிட்டுப் போகும். மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று தவறினாலே மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விட்டதே, அதுதான் அந்த உதறல். காலை எடுத்தால் அழுத்தம் குறைகிறது, பொறி திரும்ப வருகிறது.

சரி, அப்படியென்றால் கேப்பை 0.5 என்று குறைத்து வைத்துவிட்டால் எப்போதும் பொறி வருமே என்று தோன்றும். பொறி வரும், எரியாது. இரண்டு கம்பிகளும் அவ்வளவு நெருக்கமாக இருந்தால் பொறி பற்றவைக்கும் சின்னத் தீத்துளியின் சூட்டை அந்தக் கம்பிகளே உறிஞ்சிவிடும், தீ பரவாமல் அணையும். இது ஐடிலில்தான் முதலில் தெரியும், வண்டி நின்ற இடத்தில் தடதடக்கும், காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், சைலன்சரில் பெட்ரோல் வாடை வரும். அதனால் ஒரு பொது அடையாளம் சொல்லலாம்: இழுக்கும்போது உதறினால் கேப் பெரிதா என்று பாருங்கள், நிற்கும்போது உதறினால் சிறிதா என்று பாருங்கள். இரண்டுக்கும் வேறு காரணங்களும் உண்டு, ஆனால் கேப் பார்ப்பதற்குச் செலவே இல்லை என்பதால் அதிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளுக்கு ஏன் 1.0, 1.1 என்று பெரிய கேப் வைக்கிறார்கள் என்றால், அவற்றின் இக்னிஷன் பலமானது, கலவை பெட்ரோல் குறைவாக அளந்து விடப்படுவது, பெரிய பொறி இருந்தால்தான் அந்த மெல்லிய கலவை ஒவ்வொரு முறையும் தவறாமல் பற்றும். ஆகவே "பிளக் கேப் எவ்வளவு வைக்கணும்" என்று யாராவது பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில் கிடையாது. உங்கள் வண்டி மேனுவலில் இருப்பதுதான் பதில், பல வண்டிகளில் பானட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இருக்கும்.

1.1-ஐ வளைத்து 0.8 ஆக்கிவிடலாமா என்று அண்ணனைக் கேட்டேன். ஆகும்தான், ஆனால் அவ்வளவு தூரம் வளைத்தால் மேல்கம்பி சாய்ந்துவிடும், நடுக்கம்பியின் முகத்துக்கு நேராக, சமமாக நிற்காது, ஒரு ஓரத்தில் மட்டும் பொறி பாய்ந்து அந்த ஓரமே சீக்கிரம் தேயும் என்றார். சரியான நம்பர் பிளக் மூன்றும் சில நூறு ரூபாய்க்குள் வந்துவிடுகிறது, அதை வாங்குவதுதான் சரி. வாங்கினோம், மாட்டினோம், அன்று சாயங்காலம் ஆல்பேட்டையிலிருந்து பாலம் ஏறும்போது ஒரு உதறலும் இல்லை. கார்புரேட்டரும் பழையது, காயிலும் பழையது, பெட்ரோலும் அதே முள்ளோடை பெட்ரோல்.

அதிலிருந்து பிளக் வேலையை வீட்டு வாசலில் நானே செய்துகொள்கிறேன். அண்ணன் சொல்லிக் கொடுத்ததும், செய்து செய்து பழகியதும் கலந்து சொல்கிறேன்.

முதலில் கருவி. கடையில் ஃபில்லர் கேஜ் என்று கேட்டால் விசிறி போல விரியும் தகடுகள் கொடுப்பார்கள். புது பிளக்குக்கு அது சரி. ஓடிய பிளக்குக்கு அது பொய் சொல்லும். காரணம், ஓடிய பிளக்கில் மேல்கம்பியின் அடிப்பக்கம் நடுக்கம்பிக்கு நேரே குழி விழுந்திருக்கும், தட்டைத் தகடு அந்தக் குழிக்குள் இறங்காமல் விளிம்புகளில் தட்டி நிற்கும், உண்மையான கேப்பைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் உருண்டைக் கம்பி வைத்த பிளக் கேஜ் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள், வளைப்பதற்கு ஒரு வெட்டுள்ள தகடும் அதிலேயே பெரும்பாலும் இருக்கும். காசு வடிவத்தில் வட்டமாக, ஓரம் போகப் போகத் தடிமனாகும் ஒரு கேஜும் விற்கிறார்கள், சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். அதை வைத்து நெம்பிக் கேப்பைப் பெரிதாக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே பதறும், அந்த அழுத்தம் முழுக்க நடுக்கம்பி மேலும் அதைச் சுற்றிய பீங்கான் மூக்கு மேலும்தான் விழுகிறது. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் பழைய ஃபில்லர் கேஜ் கிடைத்தால் விலைக்கு மயங்காதீர்கள், துருப்பிடித்த தகட்டின் தடிமன் அதில் எழுதியிருப்பது இல்லை.

பிளக் ஸ்பேனர் எங்கள் வண்டிக்கு 21 நம்பர். புது வண்டிகள் பலவற்றுக்கு 16. உள்ளே ரப்பர் வைத்தது வாங்கினால் பிளக் நழுவாது. இதைத் தவிர ஒரு பழைய டூத் பிரஷ், சைக்கிள் பம்ப், ஒரு ஜாண் பழைய பெட்ரோல் ட்யூப்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் திறப்பதுதான் உத்தமம். சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக்கின் உடல் இரும்பு, சூட்டோடு திருகினால் மரை பிய்த்துக்கொண்டு வரும் அபாயம் உண்டு. அடுத்தது வயர். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, பிளக் மேல் உட்கார்ந்திருக்கும் ரப்பர் தொப்பியைப் பிடித்து லேசாகத் திருகி இழுக்கணும். எது எந்தச் சிலிண்டர் வயர் என்று டேப் ஒட்டி எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-2, நாலு சிலிண்டர் கார்களில் பரவலாக 1-3-4-2. ஒரு வயர் மாறினாலும் பேக் ஃபயர்தான், கலவை தப்பான நேரத்தில் வெடிக்கும்.

வயரை எடுத்ததும் உடனே பிளக்கைக் கழற்றாதீர்கள், நம் ஊருக்கு இது ரொம்ப முக்கியம். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் காற்றோடு வரும் நைசு மணல் பிளக்கின் அடியைச் சுற்றிப் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே தெரியவே தெரியாது. பிளக்கைக் கழற்றிய மறு நொடி அது சிலிண்டருக்குள் விழும், பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே போய்க் கீறும். கால் சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, சைக்கிள் பம்பால் சுற்றிலும் ஊதி, அப்புறம்தான் முழுக்கக் கழற்ற வேண்டும். பஞ்சர் கடைக் காற்று கிடைத்தால் இன்னும் நல்லது, கண்ணை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி எந்தச் சிலிண்டரில் இருந்ததோ அந்த வரிசையில் ஒரு அட்டையில் வையுங்கள். கலந்துவிட்டால் பிளக் சொல்லும் சேதி போய்விடும்.

இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. கேஜை எடுப்பதற்கு முன் முனையைப் பாருங்கள். பீங்கான் மூக்கு வெளிர் பழுப்பாக, கொஞ்சம் சாம்பல் கலந்து இருந்தால் எரிதல் நன்றாக இருக்கிறது. உலர்ந்த கரி, கையில் ஒட்டும் மைபோல இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், காற்றைக் குறைக்கும் சோக் முழுக்கத் திறக்காமல் நிற்கலாம், கார்புரேட்டர் மிதவை சரியில்லாமல் இருக்கலாம், அல்லது தினமும் இரண்டு தெரு மட்டும் ஓட்டி நிறுத்தும் வண்டியாக இருக்கலாம், அதற்கு ஒரு நீண்ட ஓட்டமே மருந்து. ஈரமான, பளபளக்கும் கறுப்பு என்றால் அது எண்ணெய், பிஸ்டன் ரிங் வழியாகவோ வால்வு சீல் வழியாகவோ வருகிறது. சுண்ணாம்பு வெள்ளையாகி, கொப்புளம் மாதிரி மணிகள் தெரிந்தால் சூடு மிஞ்சுகிறது, கலவை மெலிந்திருக்கலாம், டைமிங் (பொறி பாயும் நேரம்) முன்னால் போயிருக்கலாம், ஹீட் ரேஞ்ச் தப்பான பிளக்காகவும் இருக்கலாம். இதில் எதையும் கேப் வளைத்துச் சரி செய்ய முடியாது. கரி பிடித்த பிளக்கைத் துடைத்துக் கேப் வைத்து மாட்டினால் கொஞ்ச நாள் நன்றாக ஓடும், அப்புறம் அதே கரி.

ஹீட் ரேஞ்ச் பற்றி ஒரு வார்த்தை. என்.ஜி.கே.யில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், பாஷ் பிளக்கில் எண் குறைந்தால் குளிர்ந்தது, நேரெதிர். ஊரில் இன்னும் பெரியவர்கள் மைக்கோ பிளக் என்றுதான் கேட்பார்கள், 1951-இல் தொடங்கிய அந்த மைக்கோதான் 2008 முதல் பாஷ் என்ற பெயரில் இருக்கிறது. ஒரு கம்பெனிக்குப் பதில் இன்னொன்று வாங்கும்போது எண்ணை மட்டும் பார்த்து எடுக்காமல் மாற்றுப் பட்டியலைப் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்வது சுலபம். கொஞ்சம் பெட்ரோலில் நனைத்து டூத் பிரஷால் தேய்த்து நிழலில் காயவிட்டால் போதும், அடுப்பும் விளக்கும் இல்லாத இடமாகப் பாருங்கள். இரும்பு கம்பி பிரஷ் போடவே கூடாது. அதன் இரும்பு பீங்கான்மேல் கண்ணுக்குத் தெரியாத கோடாக ஒட்டிக்கொள்ளும், கரன்ட் பொறியாகத் தாவாமல் அந்தக் கோடு வழியாக வழுக்கிப் போய்விடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மண்துகள் உள்ளே தங்கும். முன்பு பட்டறைகளில் மணல் பீய்ச்சும் மெஷின் வைத்திருப்பார்கள், பளிச்சென்று ஆக்கிக் கொடுக்கும், ஆனால் பீங்கானுக்கும் உடலுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் மணல் எளிதில் வெளியே வராது. பிளக் விலை இன்றைக்கு இருக்கும் நிலையில் அந்த ஆபத்தை ஏற்க எனக்கு மனசில்லை.

இனி கேப். கம்பி கேஜை இரண்டு கம்பிக்கும் நடுவே நேராக விடுங்கள், சாய்த்து விட்டால் அளவு மாறும். 0.7 முதல் 0.8 வேண்டுமென்றால் 0.7 லேசாக உரசிக்கொண்டு போகணும், 0.85 கம்பி இருந்தால் அது போகவே கூடாது. இப்படி ஒன்று போகணும் ஒன்று போகக் கூடாது என்று இரண்டு பக்கமும் பார்ப்பதுதான் நம்பகமானது, ஒரே தகடு "கிட்டத்தட்டச் சரியாக" உரசுகிறது என்பதில் ஆளுக்கு ஆள் கை மாறும். தட்டைத் தகடுதான் இருக்கிறது, 0.75 அதில் இல்லை என்றால் 0.70-ஐயும் 0.05-ஐயும் எண்ணெய் இல்லாமல் துடைத்துச் சேர்த்துப் பிடிக்கலாம்.

கேப் அதிகமாக இருந்தால், பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து மேல்கம்பியை மரப்பலகையில் செங்குத்தாக மெல்லத் தட்ட வேண்டும். ஒரு தட்டு, ஒரு அளவு. சிமென்ட் தரையில் வேண்டாம். குறைந்துவிட்டால் கேஜில் இருக்கும் வெட்டை மேல்கம்பியில் மாட்டி இழுத்துப் பெரிதாக்கலாம். எந்த வேலையிலும் நடுக்கம்பியைத் தொடக் கூடாது, அதன்மேல் எதையும் ஊன்றி நெம்பக் கூடாது. முடிந்ததும் பக்கவாட்டில் பார்த்து இரண்டு முகமும் சமமாக இருக்கிறதா, மேலிருந்து பார்த்து மேல்கம்பி நடுவில் நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஒரே பிளக்கை அப்படியும் இப்படியும் பல முறை வளைத்தால் கம்பி களைத்து ஒடியும். ஒடிந்தால் விழும் இடம் சிலிண்டர்.

இன்னொன்றையும் சொல்லணும். ஓடிய பிளக்கில் கேப் பெரிதாகியிருப்பது தேய்மானத்தின் ஒரு பாதிதான். மறுபாதி, நடுக்கம்பியின் கூரான விளிம்பு மழுங்கி உருண்டையாகிவிடுவது. பொறி கூரான விளிம்பிலிருந்துதான் சுலபமாகக் கிளம்பும், மழுங்கினால் அதே கேப்புக்கே கூடுதல் வோல்டேஜ் வேண்டும். ஆகவே தேய்ந்த பிளக்கின் கேப்பை மட்டும் 0.8-க்குக் கொண்டுவந்துவிட்டுப் புதுசு போல ஓடும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. விளிம்பு மழுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது அந்த பெட்ரோல் ட்யூப் துண்டு உதவும். பிளக்கின் தலையில் அதைச் செருகி, ட்யூபைப் பிடித்து விரலால் சுற்றி இறக்குங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ட்யூப் வழுக்கிச் சுற்றும், நமக்கு உடனே தெரிந்துவிடும், ஸ்பேனரோடு இறக்கினால் அந்த எச்சரிக்கை கிடைக்காது. கையால் முழுக்க இறங்கிய பிறகு ஸ்பேனரில், வாஷர் வைத்த புது பிளக் என்றால் அரைச் சுற்றிலிருந்து முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு வரை, ஏற்கெனவே மாட்டியிருந்தது என்றால் கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. வாஷர் முதல் தடவையே நசுங்கிவிட்டதால் இந்த வித்தியாசம். இதற்கு மேல் பலம் காட்டினால் அலுமினிய மரை போய்விடும், அப்புறம் ஹெலிகாயில் (கெட்டுப்போன மரைக்குள் செருகும் புது மரைச் சுருள்) போட ஆள் தேட வேண்டியிருக்கும். மரையில் எண்ணெயும் கிரீஸும் வேண்டாம், வழுக்கலில் அளவுக்கு மீறி இறுகும். கீழே விழுந்த பிளக் பார்க்க நன்றாக இருந்தாலும் மாட்ட வேண்டாம், பீங்கானுக்குள் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

புது பிளக் வாங்கும்போதும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். மேல்கம்பி நடுவில் நிற்காமல் ஒதுங்கியிருந்தால், வாஷர் மரையில் நிற்காமல் கழன்று கையில் வந்தால், எழுத்து மங்கலாக இருந்தால் அது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேப் சரியாக இருந்தும் மார்கழிக் காலையில் மட்டும் மிஸ்ஸிங் வந்தால் வயரைச் சந்தேகப்படுங்கள். கடலோரத்தில் உப்புக் காற்று, பனி ஈரம் இரண்டும் சேர்ந்து பழைய வயரின் வெடிப்புகளில் கரன்ட் கசிய வழி செய்யும். ராத்திரி இருட்டில் பானட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, தள்ளி நின்று பாருங்கள், நீலமாகப் பொறி ஊர்ந்தால் அங்கேதான் கசிவு. கை வைக்காதீர்கள், ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிறது, பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம். பிளக்கைக் கழற்றிப் பாடியில் வைத்து செல்ஃப் அடித்து "பொறி வருது பாரு" என்று காட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. காயில் உயிரோடு இருக்கிறதா என்பது வரைக்கும்தான் அது சொல்லும். வெளியே அழுத்தம் இல்லை, அங்கே வரும் பொறி சிலிண்டருக்குள்ளும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சர்வீஸ் செய்த இடத்தில் எங்கள் வண்டிக்கும் அப்படித்தான் பார்த்து, பிளக் நன்றாக இருக்கிறது என்றார்கள். எஞ்சின் ஓடும்போது வயரைப் பிடுங்கிப் பார்ப்பது இன்னும் மோசம், எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் காயிலோ அதை இயக்கும் இக்னைட்டரோ போய்விடும்.

மழை பற்றியும் ஒன்று. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, அதை அடுத்து பெண்ணையாற்று வெள்ளம் கரையோரத் தெருக்களில் புகுந்தபோது எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியில், தண்ணீர் ஏர் ஃபில்டர் உயரத்துக்கு ஏறியிருந்தால், செல்ஃப் அடிக்கவே கூடாது. தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதில் மோதினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, இக்னிஷன் கனெக்‌ஷனையும் பிரித்துவிட்டு, அப்புறம்தான் எஞ்சினைச் சுற்றிப் பார்க்க வேண்டும், தண்ணீர் இருந்தால் பிளக் ஓட்டை வழியாக வெளியே வரும்.

எதிர்வீட்டு சார் எம்.பி.எஃப்.ஐ. வண்டி வைத்திருக்கிறார், ஒவ்வொரு பிளக் மேலும் தனித்தனிக் காயில். எங்கள் வண்டி சரியானதைப் பார்த்துவிட்டு, "என்னோடதையும் 0.8 ஆக்கிடலாமா?" என்று கேட்டார். அவருடைய மேனுவலில் இருப்பது 1.0 முதல் 1.1, வண்டியும் நன்றாக ஓடுகிறது, தொட வேண்டாம் என்று சொன்னேன். அதுவும் அவருடையது இரிடியம் பிளக். அதில் நடுக்கம்பி ஊசி போல மெல்லியது, கேஜ் இடறினாலே முனை உடையும். இரிடியம், பிளாட்டினம் பிளக்குகளை வாங்கும்போதே சரியான கேப் உள்ள நம்பராக வாங்கி, அளக்கணும் என்றால் கம்பியால் மென்மையாக அளந்து, தப்பாக இருந்தால் கடையில் மாற்றிக்கொள்வதுதான் நல்லது. சி.என்.ஜி., எல்.பி.ஜி. வண்டிகளில் பொறிக்குத் தேவையான வோல்டேஜ் பெட்ரோலைவிட அதிகம், அதனால் தேய்ந்த பிளக் கேஸில் ஓடும்போதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும், பெட்ரோலுக்கு மாற்றினால் சரியாக ஓடும். அப்படி இருந்தால் கேஸ் கிட்டைக் குறை சொல்வதற்கு முன் பிளக்கைப் பாருங்கள்.

எங்கள் வண்டியில் இப்போது மூன்று பிளக்கும் 0.75-இல் இருக்கின்றன. முதல் இரண்டும் நல்ல பழுப்பு. மூன்றாவதில் மட்டும் ஈரக் கறுப்பு தென்பட ஆரம்பித்திருக்கிறது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் கொஞ்சம் நீலப்புகை வந்து பிறகு நின்றுவிடுகிறது. அண்ணனிடம் காட்டினேன். சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தார், மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டியது, அதனால் ரிங் இல்லை, வால்வு சீலாகத்தான் இருக்கும் என்கிறார். ஹெட்டைக் கழற்றாமலே, பிளக் ஓட்டை வழியாகக் காற்றடித்து வால்வைத் தாங்கி வைத்துக்கொண்டு சீல் மாற்றலாமாம். சீல் செட் வாங்கி வைத்துவிட்டேன், பொங்கல் லீவில் செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். அதுவரைக்கும் மூன்றாவது பிளக்கை மட்டும் அடிக்கடி கழற்றித் துடைத்து அளந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன்.